கை விடறதுக்கு முன்னாடி கால் வைக்காதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு வேலூர் கோட்டை எதிர்ல டீ, அகழி ஓரம் வாக்கிங் எதுவும் கிடையாது. நேரா சத்துவாச்சாரில நாம எப்பவும் ஆடற பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம மேட்ச் தோத்ததுல இருந்து எனக்கு சோறே எறங்கல.

மேட்ச் முடிய 12 செகண்ட் இருக்கு, நம்ம பொண்ணுங்க ஒரு பாயிண்ட் பின்னாடி, நமக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதான், யாரும் குறுக்க வராம கோட்டுக்குப் பின்னாடி நின்னு ரிங்குல போடறது. முதல் பந்து உள்ள. சமம்! ரெண்டாவதுக்குப் பொண்ணு பந்தத் தலைக்கு மேல தூக்குது, இன்னும் கையை விட்டே போகல, அதுக்குள்ள எதிர் டீம் நெட்டப் பொண்ணு ரெண்டு காலும் பெயிண்ட்டுக்குள்ள, அதான், ரிங்குக்குக் கீழ கோடு போட்ட ஏரியாவுக்குள்ள! பந்து ரிங்குல பட்டு வெளிய. விசில் வரல. திரும்பி வந்த அந்தப் பந்த, அதான் ரீபவுண்ட, அவங்க எடுத்து அந்தாண்ட ஓடி, ரிங்கு கிட்ட போய் லேஅப் போட்டுட்டாங்க. என் போன்ல எடுத்த வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன், கால் உள்ளதான் இருக்கு.

அங்க நமக்கு இன்னொரு த்ரோ குடுத்திருக்கணும். உலக பாஸ்கெட்பால் அமைப்பு ஃபிபாவோட ரூல் அதான். கடைசி த்ரோ விழலன்னா, பந்து கையை விடறதுக்குள்ள யார் முந்தி உள்ள கால் வெச்சாங்கன்னு பாக்கணும். எதிராளி முந்தினா திரும்பப் போடலாம், நம்ம ஆளு முந்தினா பந்து அவங்களுக்கு, ரெண்டு பக்கமும் முந்தினா ஜம்ப் பால் சிச்சுவேஷன், அதான், பந்து யாருக்குன்னு அம்புக்குறி பாத்துக் குடுக்கறது. உள்ள விழுந்துடுச்சுன்னா பாயிண்ட் பாயிண்ட்தான், ஓரத்துல நிக்கறவங்க முந்தினது கணக்குல வராது.

சரி, யார் எங்க நிக்கணும்? பெயிண்ட் ஓரத்துல மொத்தம் அஞ்சு பேர்தான். ரிங்குக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் தடுக்கற டீம். அடுத்த எடத்துல ரெண்டு பக்கமும் போடற டீம். மூணாவது எடத்துல தடுக்கற டீம்ல இன்னும் ஒருத்தர், ஏதாவது ஒரு பக்கம். மத்தவங்க எல்லாம் மூணு பாயிண்ட் கோட்டுக்கும், ஃப்ரீ த்ரோ கோட்ட நீட்டினா வர்ற எடத்துக்கும் பின்னாடி. ஓரத்துல இருக்கறவங்க பந்து கையை விட்டதும் ஓடலாம், பின்னாடி நிக்கறவங்க த்ரோ முடியற வரைக்கும் நகரக்கூடாது. நம்ம பசங்க இதுலதான் குழப்பிக்கறாங்க.

நம்ம கோர்ட்டுல அந்த எடம் எல்லாம் அழிஞ்சே போச்சு. பழைய கோர்ட்டு வேற, பெயிண்ட் ஏரியா கீழ பாவாடை மாதிரி விரிஞ்சு இருக்குது பாருங்க. 2010லயே அதச் செவ்வகமா மாத்திட்டாங்க. அதான் நானே அளந்து போடலாம்னு டேப் வாங்கப் போனேன். முதல் கடையில ஒரு ரோலு 90 ரூபா! அதே டேப்பு, அதே அகலம், லாங் பஜார் பக்கம் சந்துக்குள்ள 55 ரூபா! 35 ரூபா வித்தியாசம் மக்களே, ரெண்டு ரோலுக்கு 70. எனக்கு அந்தச் சந்தோஷம் ரெண்டு நாளு இருந்துச்சு. ஆனா மத்தியான வெயில்ல பசை இளகி, ஒட்டினது அத்தனையும் சுருண்டுகினு வந்துடுச்சு. இப்ப பெயிண்ட்டுதான். வெள்ளை, அரை லிட்டர்.

இதோ, ரிங்குக்குப் பின்னாடி இருக்கற பேஸ்லைன்ல இருந்து 1.75 மீட்டர், அங்க முதல் எடம் ஆரம்பம். 85 சென்டிமீட்டர் ஒருத்தருக்கு. அப்புறம் 40 சென்டிமீட்டர் நியூட்ரல் ஜோன், இங்க யாரும் நிக்கக்கூடாது. அப்புறம் 85, இன்னொரு 85.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன்! போடறவங்களுக்கு அஞ்சு செகண்ட்தான் டைம். பந்து ரிங்குல படற வரைக்கும் கோட்ட மிதிக்கவே கூடாது. மிதிச்சா, உள்ள விழுந்தாலும் செல்லாது. கைய விட்ட கையோட முன்னாடி ஓடற பழக்கம் நம்ம டீம்ல மூணு பேருக்கு இருக்கு, அந்த மூணு பேருக்கும் தெரியும் நான் யாரச் சொல்றேன்னு.

எடது பக்கம் போட்டு முடிச்சுட்டேன். காலையில அன்னிக்கு த்ரோ போட்ட நம்ம பொண்ணே சீக்கிரம் வந்து, ஈரம் காயாத கோட்டத் தாண்டி நின்னுகினு, "அண்ணா, இதுதானே மூணாவது எடம்?"னு கேட்டுச்சு. ஆமாம்மா, அதான். வலது பக்கம் நாளைக்கு, காலைல அஞ்சரைக்கு. ஸ்கேல் இருக்கறவங்க எடுத்துகினு வாங்க.