காற்று எப்போது தரைக்கு இறங்கும்?

வணக்கம்ங்க. காலை ஆறே கால் மணி. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக் களத்தில் நிற்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட் இங்கிருந்து பக்கம்தான், அதைத் தாண்டினால் பொள்ளாச்சிக்குப் போகிற ரோடு. மாசி மாதம், பனி இன்னும் விலகவில்லை. எனக்குப் பின்னால் ஒரு மூங்கில் நட்டிருக்கிறேன், தெரிகிறதா? ஆறு மீட்டர் உயரம். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து நான்கு நாடா கட்டியிருக்கிறேன். கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, பாதி மூங்கிலில் ஒன்று, நுனியில் ஒன்று. இப்போது நான்கும் அப்படியே தொங்குகின்றன.

ஏன் இந்த வேலை என்று சொல்கிறேன். போன வைகாசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் உடுமலை வழியாகப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஓர் இடத்தில் வண்டி நின்றது. இறங்கி நின்றால் ஒரே புழுக்கம். ரோட்டோரத் தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. ஆனால் தலைக்கு மேலே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது! கீழே துளிக் காற்று இல்லை, மேலே இறக்கை நிற்கவே இல்லை. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று களத்திலேயே காட்டப் போகிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. இது என் பழைய போன். கண்ணாடி மேல் தூசி இருக்கிறது. நன்றாக ஊதுகிறேன். பெரிய துகள் போய்விட்டது, பொடித்தூசி அப்படியே இருக்கிறது பாருங்கள். எவ்வளவு ஊதினாலும் இருக்கும், துணியால் துடைத்தால்தான் போகும். பரப்பை ஒட்டியிருக்கும் காற்று நகர்வதில்லை, அதுதான் காரணம். பரப்பைத் தொடும் இடத்தில் வேகம் பூஜ்யம். அங்கிருந்து மேலே வர வர வேகம் கூடிக்கொண்டே போய், கொஞ்ச தூரத்தில் முழு வேகத்தைத் தொடுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான் எல்லை அடுக்கு என்று பெயர்.

எவ்வளவு தடிமன்? போன் நீளம் 15 செ.மீ. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று இதன் மேல் வழுக்கிப் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கடைசி ஓரத்தில் ஏறக்குறைய 7.5 மில்லிமீட்டர் வருகிறது. விரல் தடிமன்கூட இல்லை. பொடித்தூசி அதன் அடியில், கிட்டத்தட்ட அசையாத காற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் லுட்விக் பிராண்டில் என்கிற ஜெர்மானியர். எனக்கு இவரைப் பற்றிப் பேசுவதென்றால் அவ்வளவு பிடிக்கும். அவருக்கு முன்னால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. 1752-லேயே டாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, பாகுநிலையே, அதாவது பிசுபிசுப்பே, இல்லாத திரவத்தில் சீராக நகரும் பொருளுக்கு எதிர்ப்பே இருக்காது என்று கணக்கில் காட்டிவிட்டார். ஆற்றில் கால் வைத்தவனுக்கே தெரியும், தண்ணீர் தள்ளும் என்று. காற்றுக்கும் தண்ணீருக்கும் பிசுபிசுப்பு மிகக் குறைவு, அதை விட்டுவிட்டால் கணக்குச் சுலபம், ஆனால் விடை தப்பு. சேர்த்துக்கொண்டால் கணக்கைத் தீர்க்கவே முடியவில்லை. நூற்றைம்பது வருடம் இப்படியே ஓடியது.

பிராண்டில் இளவயதில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சீவல்களை உறிஞ்சி எடுக்கும் குழாய் ஒன்றைச் சரிசெய்யும் வேலை வந்தது. குழாய் போகப் போக அகலமாகிற இடத்தில் அழுத்தம் கணக்குப்படி மீளவில்லை. காற்று சுவரை விட்டுப் பிரிந்து போய்விட்டது. ஏன் பிரிந்தது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. அப்புறம் ஹனோவரில் பேராசிரியரானார். கையால் சுற்றும் சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்து, தண்ணீரில் மினுமினுக்கும் கனிமத்தூளைக் கலந்து, ஓட்டம் எங்கே திரும்புகிறது என்று பார்த்தார். 1904-ல் ஹைடல்பர்க் நகரில் உலகக் கணித மாநாடு. பத்து நிமிடப் பேச்சு, அச்சில் எட்டுப் பக்கம். பிசுபிசுப்பு பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள் மட்டும்தான் முக்கியம், அதற்கு வெளியே மறந்துவிடலாம் என்று சொன்னார். எதிரே அழுத்தம் ஏறினால், ஏற்கனவே களைத்துப்போன அந்த அடுக்கு பரப்பை விட்டுக் கழன்றுவிடும் என்றும் சொன்னார். குழாயில் நடந்தது அதுதான். அப்போது அவருக்கு 29 வயது. விமான இறக்கைக் கணக்கெல்லாம் அந்த எட்டுப் பக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

சரி, ஏழரை ஆகிவிட்டது. வெயில் வந்துவிட்டது. நுனி நாடா லேசாக ஆடுகிறது, பாருங்கள். கீழே மூன்றும் இன்னும் சும்மாதான்.

போன் கண்ணாடிக்கு இருக்கிற மாதிரி பூமிக்கும் எல்லை அடுக்கு உண்டு. ஆனால் இது பகலில் 1 முதல் 2 கி.மீ. வரை வளரும், இரவில் 100, 200 மீட்டராகச் சுருங்கிவிடும், சில சமயம் அதற்கும் கீழே. பொழுது சாய்ந்ததும் தரை சூட்டை இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது, கனமாகிறது, அடியிலேயே படுத்துவிடுகிறது. மேலே இருக்கும் காற்றோடு கலப்பு நின்றுபோகிறது. கலப்பு இல்லை என்றால் தரையின் இழுவை மேலே எட்டாது. அதனால் மேல்காற்று தடையில்லாமல் வேகம் பிடிக்கிறது. வைகாசி இரவில் நான் பார்த்தது இதுதான்.

எங்கள் ஊரில் கள்ளிறக்கும் மாமா ஒருவர் இதை எப்போதோ சொல்லியிருக்கிறார். "கீழ காத்தே இல்லைன்னு ஏறுவேன் மாப்ள, மண்டைக்குப் போனா மரம் தொட்டில் மாதிரி ஆடும்." அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பிராண்டிலைப் படித்த பிறகுதான் மாமா சொன்னதன் அருமை தெரிந்தது.

பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ. அளவுக்குத் திறந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் காற்றுக்கு வழி. அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு காற்றாலை. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1995-ல் 225 கிலோவாட் காற்றாலை ஒன்பது நிறுவியது. அந்தக் காலத்துக் கோபுரங்கள் 30 மீட்டர் அளவில் இருக்கும். இப்போது வருவது 100 மீட்டருக்கும் மேல். திறந்தவெளியில் உயரம் இரட்டித்தால் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும் என்று ஒரு குத்துமதிப்பு விதி உண்டு. பத்துதானே என்று நினைக்காதீர்கள். மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுவதால், அந்தப் பத்து 30 சதவீதத்துக்கும் மேல் ஆகிவிடும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு தோட்டத்தில் மட்டையையும் ஓலையையும் குவித்துத் தீ வைக்கிறார்கள். போன மார்கழியில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாரத்துக்கு இரண்டு நாள் இப்படி. புகை மேலே போகவில்லை, வாசல் உயரத்தில் பாய் விரித்த மாதிரி வந்து வீட்டுக்குள் நிறைந்தது. அம்மாவுக்கு இழைப்பு உண்டு, விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்கள். எரித்தவர் கெட்டவர் இல்லை, சாயங்காலம் காற்றடங்கினால் தீ பரவாது என்ற நல்ல நினைப்புதான். ஆனால் காற்று அடங்கியது என்றால், மேல்காற்றோடு கலப்பு நின்று, தலைக்கு மேலே மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த மூடிக்கு அடியில் எரித்தால் புகை முழுவதும் நம் மூச்சுக்குத்தான். மட்டையைப் பொடித்துத் தென்னைப் பாத்தியில் போடுங்கள், ஈரம் காக்கும். தயவுசெய்து சாயங்காலம் மட்டும் எரிக்காதீர்கள்.

இப்போது ஒன்பதே முக்கால். கேமராவைத் திருப்புகிறேன். நுனி நாடா நன்றாகவே பறக்கிறது, பாதி மூங்கிலில் இருப்பதும் எழுந்துவிட்டது. தரை சூடாகி, சூட்டுக் காற்று குமிழ் குமிழாக மேலே போகிறது, அந்த இடத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த வேகக் காற்று இறங்குகிறது. அதோ, பருந்து ஒன்று சிறகடிக்காமல் வட்டமிடுகிறது. அப்படி ஒரு குமிழின் மேல்தான் அது ஏறிப் போகிறது. இடுப்பளவு நாடாவும் ஆடுகிறது. கணுக்கால் நாடாவில் மட்டும் சின்னச் சிலிர்ப்பு.

எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, கொள்ளு தூற்ற விடியற்காலையில் ஒரு நாளும் போக மாட்டார். வெயில் ஏறட்டும் என்பார். போனாலும் முக்காலி மேல் நின்று, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித்தான் கொட்டுவார். சின்ன வயதில், கீழேயே நின்று தூற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "கீழ ஏதுடா காத்து" என்பார்.

முக்காலியை எடுத்துக்கொண்டு வருகிறார், தெரிகிறதா? கேமராவை வைத்துவிட்டு நான் போய்க் கொள்ளு மூட்டையைப் பிரிக்கிறேன்.