மருந்துக்கடைப் பலகையில் ஒரு போர்க்காலச் சட்டம்: சிவப்புச் சிலுவையை நாம் வரையக் கூடாது, தெரியுமா?

வணக்கம். இந்த வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தெருவை எட்டிப் பாருங்கள். மருந்துக்கடைப் பலகை, கிளினிக் வாசல், டாக்டர் காரின் கண்ணாடி, ஆம்புலன்ஸ் கதவு... வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை ஒன்றாவது கண்ணில் படும். நாம் அதை 'பிளஸ்' என்றுதான் சொல்கிறோம். மருத்துவத்தின் பொது அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அது அப்படி இல்லை. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். சின்னம் பொறித்த பொருளையும் பறிமுதல் செய்யலாம். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 12, 13ஆம் பிரிவுகள்.

(திரையில்: சுவிட்சர்லாந்தின் கொடி, அதன் நிறங்கள் மெல்ல இடம் மாறுகின்றன)

இந்தக் கொடியைப் பாருங்கள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. நிறங்களை இடம் மாற்றினால்? செஞ்சிலுவை! போரில் காயம்பட்ட வீரர்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட முதல் ஜெனீவா உடன்படிக்கை 1864இல் கையெழுத்தானபோது பிறந்த சின்னம் இது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில், காயம்பட்டவர்கள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்ததை ஹென்றி டுனான்ட் என்ற ஜெனீவா வணிகர் பார்த்தார். அந்த வேதனையிலிருந்து தொடங்கியது எல்லாம்.

போர்க்களத்தில் இந்தச் சின்னத்துக்கு ஒரே பொருள்தான்: 'சுடாதே'. கையில் ஆயுதம் இல்லாத மருத்துவ ஊழியருக்கு அதைத் தவிர வேறு கவசம் கிடையாது. எதிரே துப்பாக்கியுடன் நிற்பவன் கண நேரத்தில் அதை அடையாளம் கண்டு விரலை எடுக்க வேண்டும். சோப்பு உறையிலும் ஸ்டிக்கரிலும் பொம்மைப் பெட்டியிலும் அதையே பார்த்துப் பழகியவன் மனத்தில் அந்தச் சின்னம் என்ன ஆகும்? தேய்ந்துபோகும். அமைதிக் காலத்தில் நாம் தேய்க்கிறோம். போர்க்காலத்தில் யாரோ ஒரு செவிலியர் அதற்கு விலை கொடுக்கிறார். இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, இந்தச் சிவப்புச் சிலுவையை மாற்றிவிடுங்கள்" என்றேன். "இது பிளஸ்தானே தம்பி?" என்றார். விளக்கினேன். மறுவாரமே சிலுவை பச்சையாகிவிட்டது. பல நாடுகளில் மருந்துக்கடைக்கு அந்தப் பச்சைச் சிலுவைதான் அடையாளம். அவர் அதோடு விடவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "ஜெனீவாவில் யாரோ எழுதியது என் கடைப் பலகைக்கு எப்படியப்பா வந்தது?"

அருமையான கேள்வி. ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவது நிச்சயதாம்பூலம். அதை முறைப்படி ஏற்பது முகூர்த்தம். தாலி கட்டியாகிவிட்டது, ஊரே சாட்சி. ஆனால் புது மருமகளின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாதவரை ரேஷன் கடையில் அவள் பங்குக்கு அரிசி கிடைக்காது. உறவு உண்மை, கடமையும் உண்மை. கடைக்காரரிடம் காட்ட மட்டும் தாள் இல்லை. அந்தப் பெயர் சேர்ப்புதான் உள்நாட்டுச் சட்டம். நம் அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. போரில் காயம்பட்டவர்களையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கும் 1949இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளை இந்தியா 1950இல் ஏற்றது. பெயர் சேர்த்தது 1960இல். இலங்கை 1959இல் ஏற்று, 2006இல்தான் சட்டம் இயற்றியது. 47 ஆண்டுகள்!

நம் சட்டத்தில் என்னை வியக்க வைத்தது 3ஆம் பிரிவு. போர்க்கைதியையோ பாதுகாக்கப்பட்ட குடிமக்களையோ வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சித்திரவதை போன்ற, உடன்படிக்கைகளின் மற்றக் கடும் மீறல்களுக்கு 14 ஆண்டுகள் வரை சிறை. குற்றம் செய்தவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம், குற்றம் உலகின் எந்த மூலையிலும் நடந்திருக்கலாம். இந்திய மண்ணில் அகப்பட்டால் இங்கேயே விசாரிக்கலாம்!

இவ்வளவு பெரிய கதவைக் கட்டியவர்கள் சாவியை மட்டும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்கள். 17ஆம் பிரிவின்படி, அரசோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் நேரே போய்ப் புகார் கொடுக்க முடியாது. மருந்துக்கடைப் பலகையைப் பற்றிக்கூட நீங்களோ நானோ வழக்குப் போட முடியாது.

கோவாவின் கத்தோலிக்கப் பாதிரியார் மோன்டெய்ரோவின் வழக்கைப் பாருங்கள். போர்த்துகல் ஆண்ட கோவா 1961இல் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் போர்த்துகீசியக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர் அவர். தங்கும் அனுமதி முடிந்தும் நாட்டைவிட்டுப் போகாததால் தண்டிக்கப்பட்டு, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி மக்களுக்கு ஜெனீவா உடன்படிக்கை தரும் பாதுகாப்பைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். கோவா இந்தியாவோடு இணைந்துவிட்டதால் அது இனி ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி அல்ல என்று 1969இல் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, இந்தச் சட்டம் நீதிமன்றத்தை அணுகத் தனியாக எந்த உரிமையையும் யாருக்கும் தரவில்லை என்றும் சொன்னது. சட்டத்தைப் படித்தால் நீதிபதிகள் சொன்னது சரிதான். குறை சட்டத்தில் இருக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்பு, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலிலும் சரணடைந்தவரைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே என்கிறது. நம் சட்டம் தண்டிக்கும் 'கடும் மீறல்' பட்டியலோ நாடுகளுக்கிடையிலான போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜெனீவா உடன்படிக்கைகளை விரிவாக்கிய 1977இன் கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா சேரவே இல்லை.

இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையின் கதி இன்னும் மோசம். 1959இல் ஏற்றோம், பெயர் இன்னும் குடும்ப அட்டையில் ஏறவில்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கு ஒன்றில், 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று எழுதியது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதிய அந்த வேளையிலும் இந்த இரண்டு குற்றங்களையும் சேர்க்கவில்லை. எவ்வளவு நல்ல வாய்ப்பு, கைநழுவிப் போய்விட்டது!

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் தெருவில் சிவப்புச் சிலுவை இருந்தால் கடைக்காரரிடம் அன்பாகப் பேசுங்கள். பலகை மாறினால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் எல்லாவற்றையும் காட்டுகிறேன். இரண்டாவது, உங்கள் மக்களவை உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை. ஒரே வரி போதும்: '1959இல் ஏற்ற இனப்படுகொலை எதிர்ப்பு உடன்படிக்கைக்கு எப்போது சட்டம் வரும்?'