தாளம் மட்டும் போதும் என்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஹிப் ஹாப்பில் பல கலைஞர்கள் சேர்ந்து செய்த பாடல்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். ரன் டிஎம்சி குழு ஏரோஸ்மித் குழுவோடு சேர்ந்து 1986 ஜூலையில் வெளியிட்ட 'வாக் திஸ் வே'. ஒரு பெரிய ராக் குழு கைகொடுத்தது, அதனால்தான் ராப் இசை அமெரிக்காவின் வெள்ளையர் வீடுகளுக்குள் நுழைய முடிந்தது என்றுதான் இந்தப் பாடலைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைகொடுத்தது யார், கரையேறியது யார் என்பதை அந்த ஆண்டுகளில் நடந்ததை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏரோஸ்மித் பாஸ்டன் நகரத்து ராக் குழு. 1975-இல் வந்த அவர்களுடைய 'டாய்ஸ் இன் தி அட்டிக்' ஆல்பத்தில் இந்தப் பாடல் இருந்தது. 1977 தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது. ராக் வானொலிகளில் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலரின் குரலுக்காக அதைக் கேட்டார்கள். நியூயார்க்கின் பூங்காக்களிலும் தெருக் கொண்டாட்டங்களிலும் இசைத்தட்டுகளை ஓட்டும் டிஜேக்களுக்கு அந்தக் குரலே தேவைப்படவில்லை. பாடல் தொடங்கும்போது ஜோயி கிரேமரின் டிரம்ஸ் மட்டும் சில விநாடிகள் தனியாக ஒலிக்கும். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றதில் மறுபடி தொடங்குவார்கள். சில விநாடித் தாளம் இப்படிப் பல நிமிடம் நீளும். அதன்மேல் ராப் சொல்லுவார்கள். டைலர் பாடத் தொடங்குவதற்குள் தட்டு பின்னுக்குப் போயிருக்கும்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஹாலிஸில் வளர்ந்த ஜோசப் சிமன்ஸ், டாரில் மெக்டேனியல்ஸ், அவர்களுடைய டிஜே ஜேசன் மிசெல் மூவரும்தான் ரன் டிஎம்சி. ஜோசப்பை ரன் என்றும், டாரிலை டிஎம்சி என்றும், ஜேசனை ஜாம் மாஸ்டர் ஜே என்றும் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். இந்தத் தாளத்தில் அவர்கள் ராப் சொல்லிப் பழகியிருந்தார்கள். ஆனால் ஏரோஸ்மித் என்ற பெயர் அவர்கள் மனதில் பதியவே இல்லை. ஆல்பத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தட்டைக் கேட்பார்கள்.

ரன் டிஎம்சியின் 'ரெய்சிங் ஹெல்' ஆல்பத்துக்கான வேலை நடந்தபோது, தயாரிப்பாளர் ரிக் ரூபின் தாளத்தோடு நிறுத்தாமல் முழுப் பாடலையும் வரிகளோடு பாடச் சொன்னார். ரன்னுக்கும் டிஎம்சிக்கும் அது பிடிக்கவே இல்லை. இந்த வரிகளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், தாளம் மட்டும் போதும், எங்கள் சொற்களை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். ரூபினும், ரன்னின் அண்ணனும் மேலாளருமான ரஸல் சிமன்ஸும் விடாமல் வற்புறுத்தினார்கள். 1986 மார்ச்சில் டைலரும் கிட்டாரிஸ்ட் ஜோ பெரியும் மான்ஹாட்டன் ஸ்டுடியோ ஒன்றுக்கு வந்தார்கள். அன்றைக்கு ரன்னும் டிஎம்சியும் வேண்டாவெறுப்பாகத்தான் வரிகளைச் சொன்னார்கள். பிறகு மறுபடி வந்து, தங்கள் வழக்கப்படியே செய்தார்கள். ஒருவர் பாதி வரி சொல்ல, மற்றவர் பிடுங்கி முடிக்க, கடைசிச் சொல்லில் இரண்டு குரலும் ஒன்றாக விழும்.

இந்தப் பதிவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். டைலர் 1975-இல் எழுதிய வரிகளே கிட்டத்தட்ட ராப்தான். நெருக்கமான அசைகள், பாட்டை விடப் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஓட்டம். தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டிஜேக்கள் ஒதுக்கிவிட்ட அந்தக் குரலுக்குள்ளேயே தங்கள் கலைக்கு உறவான ஒன்று இருந்ததை ரன்னும் டிஎம்சியும் பாடிப் பார்த்துக் காட்டினார்கள். ஹிப் ஹாப்பில் கூட்டு என்று நான் மதிப்பது இதைத்தான்.

சரி, கைகொடுத்தது யார்? ரன் டிஎம்சியின் 'ராக் பாக்ஸ்' 1984-லேயே இசை வீடியோக்களைக் காட்டும் எம்டிவி தொலைக்காட்சியில் ஓடியது. அங்கே காட்டப்பட்ட முதல் ராப் வீடியோ அதுதான், அதிலும் எலக்ட்ரிக் கிட்டார் உண்டு. அதே ஆண்டு வந்த அவர்களுடைய முதல் ஆல்பம், விற்பனைக்கான தங்கச் சான்றிதழ் பெற்ற முதல் ராப் ஆல்பம். ஏரோஸ்மித் நிலைமையோ மோசம். 1979-இல் பிரிந்துபோன பெரி 1984-இல்தான் திரும்பினார். போதைப் பழக்கம் குழுவை அரித்திருந்தது. 1985-இல் வந்த ஆல்பம் சரியாக விற்கவில்லை. 'வாக் திஸ் வே'க்குப் பிறகு 1987-இல் 'பெர்மனன்ட் வெகேஷன்', 1989-இல் 'பம்ப்' என்று மறுபடி உச்சிக்குப் போனார்கள்.

ரன் டிஎம்சிக்கும் பெரிய பலன் இருந்தது, அதை மறுக்கவில்லை. பாடல் பில்போர்டில் 4-ஆம் இடம் பிடித்தது. அதற்கு முன் எந்த ராப் பாடலும் முதல் ஐந்துக்குள் வந்ததில்லை. பிரிட்டனில் 8-ஆம் இடம். ஜான் ஸ்மால் இயக்கிய வீடியோவை எம்டிவி ஓயாமல் ஓட்டியது. அடுத்தடுத்த அறைகளில் இரண்டு குழுக்கள், நடுவில் சுவர், டைலர் மைக் கம்பத்தால் அதை இடித்துத் தலையை நீட்டுகிறார். ஏரோஸ்மித்திலிருந்து அதில் நடித்தது டைலரும் பெரியும் மட்டுமே. அந்தக் காட்சி பதிந்துபோனதால், சுவரை உடைத்தவர் ராக் பாடகர் என்றே பலர் நினைக்கிறார்கள். சுவரை எழுப்பியது யார்? கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் அரிதாகவே இடம் கொடுத்த எம்டிவியும், ராப் என்றாலே ஒதுக்கிய ராக் வானொலிகளும்தான். கறுப்பின மக்களுக்கான வானொலி நிலையங்கள் பலவும் ராப்பை ஒலிபரப்பத் தயங்கின. வானொலியில் அமர்ந்து பேசும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

வரவேற்பில் இன்னொரு முகமும் இருந்தது. பாடல் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில், 17-ஆம் தேதி, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ரன் டிஎம்சி மேடை ஏறும் முன்பே அரங்குக்குள் கும்பல் மோதல் வெடித்தது. பலர் காயமடைந்தார்கள். ராப் இசைதான் வன்முறையைத் தூண்டுகிறது என்று பழி வந்தது. பாடலை ரசித்துக்கொண்டே பாடியவர்களைச் சந்தேகப்பட்ட கோடைக்காலம் அது.

இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஏரோஸ்மித்தை 2001-இல் சேர்த்தார்கள். ரன் டிஎம்சியை 2009-இல். இடையில், 2002 அக்டோபரில், ஜாம் மாஸ்டர் ஜே குவீன்ஸில் தன் ஸ்டுடியோவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குச் சேர வேண்டிய பெருமை இன்னும் முழுதாகச் சேரவில்லை என்றே நினைக்கிறேன்.

வாய்ப்பு கிடைத்தால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், முதலில் 1975, அப்புறம் 1986. இரண்டாவதில் ரன் எங்கே விடுகிறார், டிஎம்சி எங்கே பிடிக்கிறார் என்று கவனியுங்கள். நன்றி, வணக்கம்.