கருவாடு வறுப்பியா?

நடுவர் அவர்களே, மயிலாப்பூர்ப் பெரியோர்களே, வணக்கம். நேரம் குறைவு.

ஊருக்கு ஊர் வேலையின்மை வேறுபடக் காரணம் கொள்கையா, சோம்பலா? நான் கொள்கை அணி. எதிரணி அண்ணன் கேட்டார்: "ராமநாதபுரத்தில் வேலை இல்லையென்றால் கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஓடுகிறதே, ஏறி வர வேண்டியதுதானே?" நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி அண்ணே, ஏறி வந்தான். என் சித்தப்பா மகன், முதுகுளத்தூர். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை, சம்பளம் 15,000. ஒற்றை ரூம் வாடகை 6,000, அட்வான்ஸ் பத்து மாதம். முதல் சம்பளம் வாங்கும் முன்பே நாலு மாதச் சம்பளத்தைக் கீழே வை என்கிறது சென்னை!

ஹவுஸ் ஓனர் அம்மா விசாரித்தார். "எத்தனை பேர்?" "ஒருத்தன்." "சொந்தக்காரங்க?" "வரமாட்டாங்க." "கருவாடு வறுப்பியா?" ராமநாதபுரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? கருவாடு வறுப்பியா! இன்டர்வியூவில்கூட அப்படி முழித்ததில்லையாம். வறுக்க மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லித்தான் சாவி வாங்கினான்.

அட்வான்ஸுக்குச் சித்தப்பா எட்டு ஆடு விற்றார். ஆடு இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்வான்? உங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அப்புறம் பீகார். 1952-லிருந்து 1993 வரை சரக்குக் கட்டணச் சமன் கொள்கை. அதாவது ரயில் கூலியைச் சமன் செய்து, எஃகு நாட்டில் எங்கே வாங்கினாலும் ஒரே விலை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைப்பதில் லாபம் இல்லாமல் போனது: சுரங்கம் அன்றைய பீகாரின் காலடியில், தொழிற்சாலை துறைமுகத்துப் பக்கம். இன்று அந்த வீட்டுப் பையன் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறான். அவனா சோம்பேறி?

2023-24 கணக்கில் வேலையின்மை கேரளாவில் 7.2 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 1. மலையாளி சோம்பேறி என்பீர்களா? படித்தவன் தகுந்த வேலைக்குக் காத்திருக்கிறான். காத்திருக்க வழியில்லாதவன் கிடைத்த கூலிக்குப் போகிறான், கணக்கில் அவனுக்கு வேலை இருக்கிறது!

மணி அடிக்காதீர்கள் நடுவரே, கருவாடு பாக்கி இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவனுக்குச் சித்தி ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். மூன்று பாலிதீன் பை, மேலே பேப்பர். போன வாரம் அவன் ரூமுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் அந்தப் பொட்டலம், கட்டிய நூல்கூடப் பிரியவில்லை. அப்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் சித்தி கேட்கிறாள்: "கருவாடு வறுத்தியாய்யா?"

"வறுத்தேம்மா. நல்லா இருந்துச்சு. தீந்துபோச்சு."

அண்ணே, பஸ் ஓடுகிறது. வருகிறேன், வணக்கம்.