வாழ்ந்த வாழ்க்கையே என்ற அணியில் பேசியது

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்காக மாட்டுங்கா வரை வந்திருக்கும் மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பின்வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்து வரும் இளம் ஆடை வடிவமைப்பாளர்களின் படைப்புக்குச் சிறந்த ஊற்று எது? வாழ்ந்த வாழ்க்கையா, பார்த்த உலகமா? வாழ்ந்த வாழ்க்கையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். கையில் போன் இருக்கும்போது பாரிசும் டோக்கியோவும் பக்கத்துத் தெருதானே, அப்புறம் எதற்குப் பாட்டி வீட்டுப் பரணைக் கிளற வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

இந்தப் படிப்பில் கடைசியில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடப் படிப்பு. இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரில் ஒரு கலெக்‌ஷன் செய்ய வேண்டும். ஒரே எண்ணத்திலிருந்து கிளைத்த சில உடைகள். முதலில் மூட் போர்டு என்று ஒரு பலகை. மனதைத் தொட்ட படங்கள், துணித் துண்டுகள், நிறங்கள் எல்லாம் அதில் ஏறும். பிறகு வரைபடம். அதற்குப் பிறகு மலிவான காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம். அது சரியாக வந்தால்தான் அசல் துணியில் கத்திரி வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும், மதிப்பெண் போடும் நடுவர் குழுவான ஜூரி முன்னால் நிற்க வேண்டும். நான் இந்த நகரத்தில், உடையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு வரைந்து வெட்டும் பேட்டர்ன் கட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். அதாவது, படம் துணியாக மாறும் இடத்தில் நிற்கிறவள். அந்த இடத்தில் நின்று பார்த்ததைத்தான் பேசுகிறேன்.

மூட் போர்டில் எல்லாமே அழகாக இருக்கும். நார்வேயின் துருவ ஒளி, சஹாராவின் மணல், பவளப்பாறை, ஜப்பானியக் கோயில். காடாத் துணி மேஜைக்கு வரும்போதுதான் கஷ்டம் தொடங்கும். துருவ ஒளிக்குத் தோள் எங்கே இருக்கிறது? மணலுக்குக் கைக்குழி எவ்வளவு ஆழம்? படத்துக்கு அது தெரியாது. அதனால் பிள்ளை என்ன செய்யும்? எங்கும் கிடைக்கும் ஒரு கவுனை வெட்டி, அதன் மேல் துருவ ஒளியைப் பிரிண்ட் போட்டுவிடும். வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். தூரத்தில் பார்த்தது துணியின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டுகிறது, வெட்டுக்குள் இறங்குவதில்லை.

நான் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தாராவிப் பெண், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா இட்லி வியாபாரி. விடியலில் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி வருவார்களே, நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வியாபாரம்தான். அவள் போர்டிலும் முதலில் துருவ ஒளிதான் இருந்தது. ஜூரிக்கு முந்தைய பரிசீலனையில், தோளில் இந்தத் தையல் ஏன் இங்கே வருகிறது என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இல்லை. பதில் இருந்திருக்கவும் முடியாது. அந்தத் தையல் வேறு யாரோ எப்போதோ வைத்தது.

கொஞ்ச நாள் கழித்து அப்பாவின் பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். தலைச்சுமைக்கு அடியில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துண்டு. அவர் அதை எப்படிச் சுருட்டுவார் என்று மேஜை மேல் செய்து காட்டினாள். விளிம்போடு விளிம்பாக மடித்துச் சுருட்டுவதில்லை. மூலைக்கு மூலை இழுத்து, முறுக்கி, வட்டமாக்கி, நுனியை உள்ளே செருகுகிறார். நேராக மடித்துச் சுருட்டினால் வட்டத்தின் உள்பக்கம் சுருக்கம் விழுந்து தலையில் குத்துமாம். மூலையிலிருந்து முறுக்கினால் வளைவு வழுவழுவென்று உட்காருமாம். தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நாங்கள் கிராஸ் என்று சொல்வோமே, இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டுவது, அதே கணக்குதான். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் கொடுக்கும், வளைத்தால் வளையும். அவள் அப்பா பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஆனால் நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பாடம் அவர் தலை மேலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பெண் கனமான காடாப் பருத்தியில் மேல்கோட்டுகள் செய்தாள். கழுத்தைச் சுற்றித் தோள் வரை இறங்கும் ஒரு முறுக்கு வளையம். கோட்டின் எடை முழுவதும் அதில் தொங்கும், தோள்மூட்டில் இறங்காது. நீளவாக்கில் வெட்டிய முதல் வளையம் கோணிக்கொண்டு நின்றது. கிராஸில் வெட்டியதும் அடங்கி உட்கார்ந்தது. ஜூரியில் அதே தோளைத் தொட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். இந்த முறை அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவர்கள்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

இது ஒரு பெண்ணின் கதைதானே என்று எதிரணி கேட்கலாம். சரி, வெளியே போவோம். ஆடை வடிவமைப்பாளர் ஹுசைன் சலாயான் 1970ல் சைப்ரஸின் நிக்கோசியாவில் பிறந்தவர், துருக்கி மொழி பேசும் குடும்பம். 1974ல் அந்தத் தீவு இரண்டானது, மக்கள் வீடுவாசலை விட்டுப் போனார்கள். 1993ல் லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படிப்பை முடித்தார். 2000ல் அவர் தன் ஆடைக் காட்சிக்கான மேடையை வீட்டுக்கூடம் போல அமைத்தார். நாற்காலி உறைகளைக் கழற்றி மாடல்கள் உடுத்திக்கொண்டார்கள், உறை போன நாற்காலிகள் பெட்டிகளாக மடங்கின. கடைசியில் ஒரு பெண் வட்ட மர மேஜையின் நடுவில் கால் வைத்து இறங்கி, அதை இடுப்பு வரை இழுத்தாள். மேஜை பாவாடையாகிவிட்டது. ஒரு வீட்டை எப்படி உடம்பில் சுமந்துகொண்டு கிளம்புவது? நம் ஈழத்துச் சொந்தங்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். வீட்டைத் துறந்த ஒரு சமூகத்துக்குள் வளர்ந்தவருக்குத்தான் மேஜைக்குள் ஒரு பாவாடை தெரிந்தது.

எதிரணி அம்மையார் கேரளத்து ஹரிகிருஷ்ணனைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார். 2020ல் லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் முதுகலைக் கலெக்‌ஷனாக, ரப்பர் பாலில் செய்து காற்றடைத்த பெரிய பெரிய கால்சட்டைகளைக் காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். 'பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய கற்பனை!' என்றார் அம்மையார். கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் வளர்த்த பக் நாய், தரை மட்டத்திலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் எப்படித் தெரிவார்கள் என்ற யோசனை. கால் மலைபோல, தலை கடுகுபோல. தன் காலடியில் சுற்றிய நாயிடமிருந்து வந்தது அந்தக் கால்சட்டை. அம்மா, அவர் எங்கள் பக்கம்.

வடிவமைப்பாளர் பிரியா அலுவாலியாவையும் சொல்ல வேண்டும். லண்டன்காரர், அப்பா நைஜீரியர், அம்மா இந்தியர். அப்பாவைப் பார்க்க லாகோஸ் போனபோது, தெருவில் பொருள் விற்பவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த பழைய துணிகளைப் போட்டிருப்பதைக் கவனித்தார். அந்தத் துணிகளின் வழியைத் தேடி நம் ஹரியானாவின் பானிபட் வரை வந்தார். உலகம் கழித்துப்போட்ட உடைகள் அங்கே மலைமலையாகக் குவிந்து, பிரிந்து, மறுபடி நூலாகிறது. 2018ல் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தபோது அவர் செய்தது பழைய துணியையும் மிச்சத் துணியையும் சேர்த்துத் தைத்த ஆண்கள் உடைகள். 2020ல் இளம் வடிவமைப்பாளர்களுக்கான எல்விஎம்ஹெச் பரிசு இறுதிப்பட்டியலில் இருந்தவர்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டபோது அதில் அவரும் ஒருவர். அம்மா வீடு ஒரு நாட்டில், அப்பா வீடு இன்னொரு நாட்டில் என்று வளர்ந்த பிள்ளை, அந்த இரண்டு வீட்டையும் ஒரே தையலில் பிடித்தது.

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். வடிவமைப்பாளர் ராகுல் மிஸ்ரா உத்தரப்பிரதேசக் கிராமத்துக்காரர். 2006ல் லக்மே ஃபேஷன் வீக்கில் அவர் முதன்முதலில் காட்டியது கேரளத்துக் கைத்தறி முண்டுத் துணியில், திருப்பியும் உடுத்தக்கூடிய உடைகள். அது அவர் வாழ்ந்த வாழ்க்கையா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வாழ்ந்தது என்று நான் சொல்வது பிறந்த வீட்டை மட்டும் இல்லை. தறியோடும் தறிக்காரரோடும் வேலை செய்து, அந்தத் துணி எப்படி விழும், எப்படி மடங்கும் என்று கைக்குத் தெரியும்வரை இருப்பதும் வாழ்வதுதான். முண்டுக்கும் வேட்டிக்கும் உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் உடுத்தலாம் என்ற யோசனை அந்த நெசவுக்குள்ளேயே இருக்கிறது. போட்டோவில் வெள்ளையும் கசவு என்னும் சரிகைக் கரையும்தான் தெரியும். அவர் 2014ல், கம்பளி உடை வடிவமைப்புக்கான சர்வதேச வுல்மார்க் பரிசு வாங்கிய முதல் இந்தியர், 2020ல், கையால் தைக்கும் உயர்தர உடைகளுக்கான பாரிஸ் ஓத் கூட்யூர் வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளர். ஊர் விட்டு ஊர் போகக் கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. போனால் தங்குங்கள் என்கிறோம்.

தங்காமல் வெறுமனே பார்த்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? நம் மகாராஷ்டிராவிலேயே பார்த்தோம். 2025 ஜூனில் மிலானில் இத்தாலியின் பிராடா நிறுவனத்தின் ஆண்கள் உடைக் காட்சியில் கோலாப்பூர் செருப்பு நடந்து வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தோல் செருப்பு, அவ்வளவுதான். 2019லேயே புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டம், கர்நாடகத்தில் நான்கு மாவட்டம், அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோல் தைக்கும் குடும்பங்கள். இங்கிருந்து குரல் எழுந்த பிறகுதான், இந்தியக் கைவினைக் காலணியால் ஊக்கம் பெற்றது என்று ஒப்புக்கொண்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கே கண் மட்டும் போதவில்லை என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் போதும்?

தம்பி, கறுப்புக் கோடுகளும் நிறக் கட்டங்களுமான மோந்திரியான் ஓவியத்தைப் பார்த்து, பாரிஸ் வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1965ல் செய்த உடைகளைச் சொன்னீர்கள். எனக்கும் உயிரான உடைகள் அவை. கட்டம் கட்டமாகத் தெரியும் நிறங்கள் பிரிண்ட் இல்லை, ஒவ்வொன்றும் தனித்துணி. உடம்பின் வளைவுக்கான பிடிப்பை எல்லாம் அந்தக் கறுப்புக் கோடுகளின் தையலுக்குள் ஒளித்துவைத்தார். ஆனால் அவர் பாரிஸின் டியோர் ஆடைப் பட்டறையில் சேர்ந்தது 1955ல். அந்தக் கோட்டை வெட்டியது பத்து வருடம் துணியில் ஊறிய கை. நம் தலைப்பு இப்போதுதான் கல்லூரி வாசல் தாண்டும் பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது வாழ்ந்த வாழ்க்கை.

ஒரு விஷயத்தில் எதிரணியின் கோபம் நியாயம். தாராவிப் பிள்ளை தாராவியைத்தான் காட்ட வேண்டுமா, ஏழைப் பிள்ளை வறுமையைத்தான் தைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் கஷ்டத்தைக் காட்சிக்கு வைக்கச் சொல்லும் ஜூரியை நானும் எதிர்ப்பேன். சும்மாட்டுப் பெண் அந்தக் கோட்டில் வறுமையைத் தைக்கவில்லை, அப்பாவின் திறமையைத் தைத்தாள். வாழ்ந்த வாழ்க்கை என்பதும் பழையது மட்டும் இல்லை. விரார் லோக்கல் ரயிலில் நின்றபடி கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, கூட்டத்தில் துப்பட்டா எங்கே சிக்கும், பையை ஏன் முன்னால் மாட்ட வேண்டும், போனுக்கு எந்தப் பக்கம் பாக்கெட் இருந்தால் பத்திரம் என்று எல்லாம் தெரியும். அதை வைத்து ஒரு முழுக் கலெக்‌ஷன் செய்யலாம். வொர்லி கோளிவாடாப் பெண்கள் ஒன்பது கஜத்தைக் கால்களுக்கு இடையே இழுத்துச் செருகிக்கொண்டு மீன்கூடையைத் தூக்குகிறார்கள். காரைக்குடிப் பக்கத்தில் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார்கள், முன்னால் எதுவும் தடுக்காமல் குனிந்து வேலை செய்யலாம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கொசுவம் எங்கே செருகி நிற்கிறது என்று தெரியும். படத்தில் பார்த்தவர் அதை இடுப்பில் தொங்கும் அலங்காரமாகத்தான் தைப்பார்.

மணியை நோக்கி உங்கள் கை போவது தெரிகிறது நடுவர் அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். தேசிய ஃபேஷன் கல்லூரியான நிஃப்டில் மாணவர்களைக் கைவினைக் கிராமங்களுக்கு அனுப்பி, அங்குள்ளவர்களோடு வேலை செய்ய வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதைப் போலவே, மூட் போர்டில் முதல் படத்தை ஒட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில், தன் தெருவில் வேலை செய்யும் ஒருவரின் உடையை அளவெடுத்து, பேட்டர்ன் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று எல்லா ஃபேஷன் கல்லூரிகளும் வைக்க வேண்டும். இந்த அரங்கில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லும்போது, இதையும் அவர்கள் காதில் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.