புள்ளடியை இயந்திரம் எப்படி வாசிக்கிறது?

(யாழ்ப்பாணத்தில், வாக்கெண்ணும் அலுவலர்களும் கட்சி முகவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். வாக்கு இயந்திரம் என்றதும் இங்கே பலருக்கு நினைவுக்கு வருவது இந்தியாவில் பாவிக்கிற பொத்தான் பெட்டி. நான் கதைக்க வந்தது வேறொன்றைப் பற்றி. இதில் வாக்காளர் வழக்கம்போலத் தாளில்தான் புள்ளடி (X அடையாளம்) இடுகிறார். வாசித்து எண்ணுகிற வேலை மட்டும் இயந்திரத்துடையது. எண்ணி முடிந்த பிறகும் தாள் பெட்டிக்குள் இருக்கும். சந்தேகம் வந்தால் கையால் எண்ணிப் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத எந்த இயந்திரத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

பல்தேர்வு விடைத்தாள் திருத்திய ஆசிரியர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். சரியான விடைக்குரிய இடங்களை பிளேட்டால் வெட்டித் துளைத்தாள் செய்வீர்கள். ஒரு வினாவுக்கு இரண்டு விடை விழுந்திருக்கிறதா, ஒன்றுமே விழவில்லையா என்று பார்த்துக் கோடு கீறுவீர்கள். பிறகு துளைத்தாளை ஓரம் பிசகாமல் பொருத்தித் துளைக்குள் தெரிகிற புள்ளடிகளை எண்ணுவீர்கள். இயந்திரம் செய்வதும் இதே வேலைகள்தான். ஓரம் பொருத்துவதற்காகச் சீட்டின் விளிம்பு நெடுகச் சிறிய கறுப்புக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். உருளைகள் தாளை இழுத்துச் செல்லும்போது அந்தக் கட்டங்களை வைத்துத்தான் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று இயந்திரம் கணக்கிடுகிறது. கட்டங்கள் மங்கலாக அச்சானால், நல்ல வாக்கும் வெளியே தள்ளப்படும்.

இனி, புள்ளடி விழுந்திருக்கிறது என்று அது எப்படி முடிவு செய்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிழை பிறக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற அளவில் தாள் படம் பிடிக்கப்படுகிறது என்று வையுங்கள். அமெரிக்கச் சீட்டுகளில் வாக்காளர் மை தீட்டி நிரப்புவதற்கு ஒரு நீள்வட்டம் இருக்கும். அது 6 மில்லிமீற்றர் நீளமும் 3 மில்லிமீற்றர் உயரமும் என்றால், அதற்குள் ஏறக்குறைய 875 புள்ளிகள் அடங்கும். அவற்றில் எத்தனை கறுப்பு என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, 12 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெறுமை, 35 சதவீதத்துக்கு மேலே என்றால் வாக்கு, இடைப்பட்டதெல்லாம் மனிதர் கண்ணுக்கு என்று ஒரு எல்லை வைக்கிறார்கள்.

நமது புள்ளடியை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 10 மில்லிமீற்றர் சதுரப் பெட்டியில் 6,200 புள்ளிகளுக்கு மேல் உண்டு. அதற்குள் அரை மில்லிமீற்றர் பேனைத் தடிப்பில், கோடு ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் நீளமான ஒரு புள்ளடி. கறுப்பாவது ஏறத்தாழ 360 புள்ளி. 6 சதவீதம்கூட வரவில்லை! நிரப்பும் நீள்வட்டத்துக்கு வைத்த எல்லையை அப்படியே இங்கே கொண்டுவந்தால், தெளிவாகப் புள்ளடி இட்ட ஒருவருடைய சீட்டு வெறும் சீட்டாகிவிடும். எல்லையை 3 சதவீதத்துக்கு இறக்கினாலோ, பேனை தடுமாறி விழுந்த கீறலும் வாக்காகும். ஆகவே கறுப்பை மட்டும் எண்ணுகிற இயந்திரம் நமக்குச் சரிவராது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டுகிற வடிவத்தையும் தேடுகிற மென்பொருள் வேண்டும். சந்தேகமான சீட்டின் படத்தை முகவர்கள் எல்லோரும் பார்க்கும்படி திரையில் போட்டு, அலுவலர் அங்கேயே தீர்மானிக்கிற ஏற்பாடும் வேண்டும்.

அடுத்தது மடிப்பு. இங்கே வாக்காளர் சீட்டை மடித்துத்தான் பெட்டிக்குள் போடுகிறார். மடிப்புக் கோட்டின் நிழல் மூன்று புள்ளி அகலத்தில் அந்த நீள்வட்டத்தின் நீளம் முழுவதும் ஓடினால், 875இல் 141 புள்ளி கறுத்துவிடும். அதாவது 16 சதவீதம், வெறுமையின் எல்லையைத் தாண்டிவிட்டது. 2020இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து விண்டம் என்ற ஊரில் இது உண்மையாகவே நடந்தது. தபால் வாக்குச்சீட்டுகளை மடிக்க ஒரு மடிப்பு இயந்திரத்தைப் பாவித்தார்கள். மடிப்பு ஒரு வேட்பாளரின் நீள்வட்டத்துக்கு மேலே விழுந்தது. நான்கு பேரைத் தெரிவு செய்யும் போட்டி அது. வேறு நால்வருக்கு வாக்களித்தவரின் சீட்டில் மடிப்பு ஐந்தாவது வாக்காக வாசிக்கப்பட, அந்தப் போட்டிக்குரிய நான்கு வாக்குகளும் செல்லாமல் போயின. கையால் மீள எண்ணியபோது நான்கு வேட்பாளர்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 300 வாக்குகள் கூடின. மடிப்பு விழுந்த வேட்பாளருக்கு 99 குறைந்தது. யாரும் களவு செய்யவில்லை. சீட்டை வடிவமைத்தவரும் மடித்தவரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

நமது சீட்டின் நீளத்தையும் நினைத்துப் பாருங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பட்டியலில் 39 பெயர்கள், சீட்டு 27 அங்குலம். இவ்வகை இயந்திரங்களில் பலவற்றுக்கு 22 அங்குலமே உச்சம். அத்தனை நீளமான தாளைப் பல மடிப்பாக மடித்தால் ஏதோ ஒரு பெட்டியின் மேல் மடிப்பு விழாமல் இராது. மடிக்கும் கோட்டை அச்சிலேயே காட்டி, அந்தக் கோட்டில் பெட்டி எதுவும் வராதபடி வைப்பதுதான் பரிகாரம்.

2024 பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14இல் நடந்தது. அந்த மாதத்து மாரி ஈரம் உங்களுக்குத் தெரியும். ஈரத்தை உறிஞ்சிய தாள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டாக உள்ளே போகும். இதைப் பிடிக்க மீயொலி உணரி உண்டு. தாள் தூசி கண்ணாடியில் படிந்தால் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் நெடுங்கோடு தெரியும். முத்திரை மை காயமுன் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். சீட்டுக் கட்டுகளை எண்ணும் மண்டபத்திலேயே முன்கூட்டி விரித்து வைப்பது, ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் கண்ணாடியைத் துடைப்பது, 50 சீட்டுக் கட்டு போனால் இயந்திரமும் 50 என்றே காட்ட வேண்டும், இல்லையேல் அந்தக் கட்டை முழுவதும் திரும்பப் போடுவது என்ற ஒழுங்கு இவற்றில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

தாள் சரியாக இருந்தும் பிழைக்கலாம். எந்தப் பெட்டி யாருக்குரியது என்று சொல்லும் தரவு இயந்திரத்தின் நினைவக அட்டையில் இருக்கும். பிலிப்பைன்ஸ் 2010 மே 10இல் முதல் தடவையாக நாடு முழுவதும் இயந்திரத்தால் எண்ணியது. ஒரு கிழமைக்கு முன் ஒத்திகை பார்த்தபோது உள்ளூர்ப் பதவிகளுக்கான வாக்குகள் பிழையாக விழுந்தன. சீட்டில் வரி இடைவெளி ஒருவிதம், அட்டைக்குச் சொல்லப்பட்டது வேறுவிதம். ஏறத்தாழ 76,000 அட்டைகளைத் திருப்பி அழைத்து மாற்ற வேண்டியதாயிற்று. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன்ட்ரிம் கவுண்டியில் (கவுண்டி என்பது நமது மாவட்டம் போன்றது), சீட்டைத் திருத்திய பிறகு எல்லா இயந்திரங்களுக்கும் புதிய தரவு போடப்படவில்லை. முதல் இரவு அறிவித்த முடிவே தலைகீழானது. தாள் இருந்தபடியால் கையால் எண்ணினார்கள். திருத்திய எண்ணிக்கைக்கும் கை எண்ணிக்கைக்கும் ஜனாதிபதிப் போட்டியில் நிகர வித்தியாசம் 12 வாக்கு மட்டுமே.

இத்தகைய பிழையைப் பிடிக்க மிக எளிய சோதனை ஒன்று உண்டு. யாழ். மாவட்டத்துக்கு 2024இல் ஆசனங்கள் 6. ஒவ்வொரு பட்டியலிலும் வேட்பாளர் 9 பேர். சோதனைச் சீட்டுக் கட்டில் 1ஆம் இலக்கத்துக்கு ஒரு வாக்கு, 2ஆம் இலக்கத்துக்கு இரண்டு என்று 9ஆம் இலக்கத்துக்கு ஒன்பது வரை புள்ளடி இட வேண்டும். மொத்தம் 45. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை போட்டால் இருவர் இடம் மாறியிருப்பது தெரியவே தெரியாது. அதோடு வெறுஞ்சீட்டு, நான்கு விருப்பு வாக்கு (கட்சியின் வேட்பாளர்களுக்கு மூன்று வரை இடக்கூடிய வாக்கு) இட்ட சீட்டு, மெல்லிய புள்ளடி, மடித்த சீட்டு எல்லாம் கலக்க வேண்டும். நான்கு விருப்பு வாக்கு இட்டால் விருப்பு வாக்குகள் செல்லாது, கட்சி வாக்கு செல்லும். இந்த விதி மென்பொருளில் சரியாக இருக்கிறதா என்பது அங்கேதான் வெளிக்கும். கட்டை முகவர்கள் தங்கள் கையால் தயாரிக்க வேண்டும். இயந்திரம் விற்றவர் தயாரித்த கட்டு சோதனை ஆகாது.

கூட்டலிலும் பிழை வரும். 2000இல் புளோரிடாவின் வொலூசியா கவுண்டியில் ஒரு நினைவக அட்டையால் ஒரு வேட்பாளருக்குக் கழித்தல் 16,022 வாக்கு விழுந்தது. கழித்தல் என்றபடியால் கண்ணில் பட்டது. 2008இல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் கவுண்டியில் 197 சீட்டுகளை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. எல்லாச் சீட்டுகளையும் பொதுமக்கள் பார்க்கத் தனியாகப் படம் பிடித்து எண்ணியதால்தான் அது வெளிவந்தது.

புள்ளடிக்குப் பதிலாக வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிற தெரிவு இன்னும் கடினம். ஸ்கொட்லாந்து உள்ளூராட்சித் தேர்தல்களில் 2007 முதல் கையெழுத்து இலக்கங்களை இயந்திரம் வாசிக்கிறது. அங்கேயும் 1ஆ 7ஆ என்று தெரியாதவை திரைக்கு வருகின்றன. நாம் அங்கிருந்து தொடங்கத் தேவையில்லை. நமக்கு அதிக நேரம் எடுப்பது விருப்பு வாக்கு எண்ணுவதுதான். விடிய விடிய யாழ். மத்திய கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டத்தைத் திருத்தி எங்காவது தொடங்குவதானால், கட்சிவாரியாகக் கையால் பிரித்த சீட்டுகளில் விருப்பு வாக்கை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம்.

முடிவு அறிவிக்கமுன் சரிபார்ப்பு. கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுவதும் இதைச் செய்கிறது. மக்கள் முன்னிலையில் பத்துப் பக்கத் தாயக்கட்டைகளை உருட்டி 20 இலக்கம் எடுத்து, அதிலிருந்து எழுமாற்றாகச் சீட்டுகளைத் தெரிந்து, தாளில் இருப்பதை இயந்திரம் வாசித்ததோடு ஒப்பிடுகிறார்கள். பிழையான முடிவு தப்பிப் போகும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைக்க, வென்றவருக்கும் அடுத்தவருக்கும் வாக்கு வித்தியாசம் 10 சதவீதமானால் சுமார் 63 சீட்டு போதும். 1 சதவீதமானால் சுமார் 630. எல்லாம் ஒத்துவந்தால்தான் இந்தக் கணக்கு; ஒவ்வாதவை தென்பட்டால் கூட எடுக்க வேண்டும், தேவையானால் முழுவதும் எண்ண வேண்டும். ஒரு கட்சிக்கு 60,000 சீட்டு, கடைசியாகத் தெரிவானவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி 600 என்றால் அது 1 சதவீதம். 630 சீட்டை ஐந்தாறு அலுவலர்கள் ஒரு மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம்.

இதற்கு ஒவ்வொரு சீட்டையும் தேடி எடுக்க முடிய வேண்டும். ஆகவே வாசிக்கும்போதே இயந்திரம் சீட்டின் ஓரத்தில் ஓர் இலக்கம் அச்சிடும். பெட்டிகள் கலந்து, சீட்டு எந்த வாக்காளருடையது என்ற தொடர்பு அறுந்த பிறகே அந்த இலக்கம் விழ வேண்டும். வாக்களிப்பு நிலையத்திலேயே வரிசைப்படி விழுந்தால், வரிசையில் நின்றவர்களைக் குறித்து வைத்திருக்கிற எவரும் யார் யாருக்குப் புள்ளடி இட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்.