பூனைகள் கொலுவிருக்கும் ஹினா படி

வணக்கம் நேயர்களே.

மார்ச் 3, ஜப்பானில் ஹினா மட்சுரி. பெண் குழந்தைகள் நோய்நொடியின்றி வளர வேண்டுமென்று வீட்டில் பொம்மை வைத்துக் கொண்டாடும் நாள். பீச் பழமரத்தின் பெயரால் பீச் திருநாள் என்றும் பெயர் உண்டு. சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள், அரண்மனை உடுப்பில் ஹினா எனப்படும் 15 பொம்மைகள். அந்தப் பதினைந்து பேரையும் பூனைகளாகவே செய்து பார்க்கலாம். ஒன்றுதான் கவனம்: முகத்தை மாற்றலாம், வரிசையையும் கையிலிருக்கும் பொருளையும் மாற்றக் கூடாது. அவை மாறிவிட்டால் பட்டு உடுத்திய பூனைக் கூட்டம் இருக்கும், ஹினா இருக்காது.

மேல் படியில் தங்க நிற மடிப்புத் திரைக்கு முன்னால் பேரரசரும் பேரரசியும். டோக்கியோ வட்டாரத்தில் பார்ப்பவருக்கு இடப்புறம் பேரரசர். கியோட்டோ முறையில் வலப்புறம். இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். கிரீடம் சிறியதாக, இரு காதுகளுக்கும் நடுவே உட்கார வேண்டும். காதை மூடினால் பூனையே காணாமல் போய்விடும்.

இரண்டாம் படியில் சாக்கே என்ற அரிசி மதுவைப் பரிமாறும் மூன்று பணிப்பெண்கள். நடுவில் இருப்பவர் கையில் கிண்ணம் வைக்கும் பீடம், பார்ப்பவருக்கு வலப்புறம் நீண்ட பிடியுள்ள பாத்திரம், இடப்புறம் கெண்டி. பூனைப் பாதத்தில் பிடிமானம் கிடையாது. பசை வைத்தால் துணியில் ஊறிக் கறையாகிவிடும்; அதே நிற நூலால் இரண்டு இடங்களில் தைத்துவிடுவதே நல்லது.

மூன்றாம் படிதான் அதிகம் தவறும் இடம். ஐந்து இசைஞர்கள். பார்ப்பவருக்கு வலமிருந்து இடமாக: விசிறியோடு பாடகர், குழல், தோள் முழவு, இடுப்பு முழவு, கடைசியில் குச்சியால் அடிக்கும் பெரிய முழவு. இடப்பக்கம் போகப் போக ஓசை பெரிதாகும் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

நான்காவதில் இரண்டு அமைச்சர்கள். மூத்தவர், அதாவது நரைத்த தாடிக்காரர், பார்ப்பவருக்கு வலப்புறம். அவருக்கு வெள்ளைப் பூனையும் நீண்ட மீசையும் பொருந்தும். ஐந்தாவதில் மூன்று ஏவலாளர்கள்: ஒருவர் அழுகிறார், ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் சினக்கிறார். பூனையை வைத்துச் செய்வதற்கு இதைவிட நல்ல படி இல்லை. பூனையின் மனநிலை காதில் தெரியும். சினந்தவருக்குக் காது பின்னால் படிந்திருக்கட்டும், சிரிப்பவருக்கு நிமிர்ந்திருக்கட்டும். கீழ் இரண்டு படிகளில் பெட்டி, பல்லக்கு, மாட்டு வண்டி.

துணிக்குச் சிரிமென் என்ற சுருக்கப் பட்டு. நனைந்தால் சுருங்கும், வெட்டிய விளிம்பு பிரியும். பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணி வைத்த பிறகே வெட்டுங்கள். தையலுக்கு 5 மில்லிமீட்டர் விடுங்கள். 10 சென்டிமீட்டர் பொம்மைக்குப் பேரரசியின் பன்னிரண்டு அடுக்கு அங்கியை முழுவதும் தைத்தால் கழுத்தே இருக்காது. கழுத்துப் பட்டியில் மட்டும் ஐந்து நிறங்களை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் காட்டினால் போதும். பஞ்சு மட்டும் அடைத்தால் பெரிய தலை முன்னால் கவிழும். அடியில் சிறு கூழாங்கற்களைப் பொதியுங்கள்.

வீட்டில் உயிருள்ள பூனையும் இருந்தால் குஞ்சங்களையும் கயிறுகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுக்கும், உயிருக்கே ஆபத்து. அலங்காரத்துக்கு வைக்கும் பீச் கிளையின் இலையும் குச்சியும் பூனைக்கு நஞ்சு. காகிதப் பூ வையுங்கள்.

விழா முடிந்ததும் ஈரமில்லாத நாளாகப் பார்த்து எடுத்து வையுங்கள். எடுக்கத் தாமதித்தால் மகளின் திருமணம் தள்ளிப்போகும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மழைக்காலம் வந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது கண்கூடு. பூச்சி மருந்து ஒரே வகையாக இருக்கட்டும். கற்பூரத்தையும் நாப்தலீன் உருண்டையையும் சேர்த்துப் போட்டால் உருகிப் பட்டில் கறை படியும். மெல்லிய காகிதத்தைக் கசக்கிக் காதுகளைச் சுற்றி வையுங்கள். காது மடங்கிக் கிடந்தால், அடுத்த மார்ச்சில் பெட்டியைத் திறக்கும்போது சிரித்த ஏவலாளரும் சினந்தவராக எழுந்து வருவார்.